பெட்ரோல் வரவில்லை

ஆலங்குளம் தாண்டி, காற்றாலைகள் இரண்டு பக்கமும் நிற்கிற நேர் ரோட்டில், வண்டி இழுவை குறைந்து, ஒரு தரம் விக்கி, அடங்கிப்போனது. நல்லசிவம் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தார். கால் கீழே போயிற்று, வண்டி போகவில்லை. ஓரங்கட்டுகிற அளவுக்கு மட்டும் வேகம் மிச்சமிருந்தது. முதலில் அவருக்குத் தோன்றியது, பின்னால் யாரும் கவனித்திருக்கக் கூடாது என்பதுதான். தானே நிறுத்தினதுபோல நிதானமாக ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரி கையை நீட்டினார். அந்தக் கண்ணாடியில் மனைவி கோமதியின் தலை தெரிந்தது. தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே, பலகையில் வெள்ளைத் துணி சுற்றிப் படுத்திருக்கிற தன் அம்மாவின் தலைமாட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். கால்மாட்டில் அவள் தம்பி ஆவுடையப்பன். அவன் எழுந்து குனிந்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முன்பக்கம் பார்த்தான். பார்த்துவிட்டான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை. ஆஸ்பத்திரி வாசலில், ஐஸ் பெட்டி வைத்த வண்டிக்காரனிடம் அவன் பேசி முடித்தே விட்டான், நல்லசிவம்தான் குறுக்கே போய், அத்தையை நம்ம வண்டியிலயே கொண்டுபோவோம் ஆவுடை, வாடகை வண்டியில அனாதை மாதிரி எதுக்கு என்று சொன்னார். அந்த வார்த்தையில் கோமதி அழுதுவிட்டாள். பக்கத்தில் நின்றிருந்த யாரோ ஒரு நர்சுகூட, இப்படி ஒரு மருமகன் கிடைக்கணும் என்றாள். அது காதில் விழுந்தபோது உடம்பு லேசாகிப்போனதே, அதை இப்போது நினைத்தால், பானெட்டைத் தூக்குகிற கை கூசுகிறது. செத்துப்போனவளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறபோதும் ஒருத்தி புகழ்ந்தாள் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பானெட்டுக்குக் கீழே சூடு முகத்தில் அடித்தது. என்ஜின் வாசனை, அதற்கு மேலே பின்னாலிருந்து வருகிற பன்னீர் வாசனை, அதற்கும் கீழே, எத்தனை கழுவினாலும் போகாத எரு வாசனை. அவருடைய நாற்றுப்பண்ணை வண்டி. காலையில் போன் வந்ததும் ஹோஸ் பிடித்துக் கழுவினார், டெட்டால் ஊற்றித் தேய்த்தார், ஆனாலும் வெயில் ஏறினதும் மரப்பலகை தான் சுமந்ததை எல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டது. கோமதிக்குத் தெரிந்திருக்கும். எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். சரி, வேலையைப் பார். கரண்டா, பெட்ரோலா? கரண்டு போயிருந்தால் சட்டென்று அணைந்திருக்கும், விளக்கு அணைகிற மாதிரி. இது அப்படி இல்லை. இது பசியில் மயங்குகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக, கெஞ்சிக்கொண்டு நின்றது. அப்போ பெட்ரோல். ஏர் கிளீனர் மூடியைக் கழற்றி கார்புரேட்டர் தொண்டைக்குள் பார்த்தார். ஆக்சிலேட்டர் கம்பியை விரலால் இழுத்தார். இழுத்ததும் உள்ளே மெல்லிசாக ஒரு பெட்ரோல் கோடு பீச்ச வேண்டும். பீச்சவில்லை. மறுபடி இழுத்தார். பித்தளைக் குழாயின் முனை சுத்தமாகக் காய்ந்திருந்தது. ஆக, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இல்லை. டேங்கில் இருக்கிறது, நேற்றுத்தான் நிரப்பினார். டேங்கில் இருக்கிறது, இங்கே இல்லை, நடுவில் எங்கேயோ நின்றுபோயிருக்கிறது. நடுவில் என்றால் பம்ப், பில்டர், குழாய். இந்த வெயிலுக்கு பம்புக்குள்ளேயே ஆவியாகியிருக்கும், பம்ப் ஆவியை இழுத்து இழுத்து ஏமாந்திருக்கும். அதுதான். அதாகத்தான் இருக்க வேண்டும். தோள் துண்டை நனைத்து பம்பின் மேல் சுற்றினார். துண்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் செய்யாமல் நிற்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது ஆறுதலாக இருந்தது.

முன்சீட்டிலிருந்து பிரமநாயகம் இறங்கினார். கோமதியின் சித்தப்பா, செத்துப்போன உலகம்மாளின் கொழுந்தன். பெரியவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு வந்து, திறந்து கிடக்கிற என்ஜினை ஒரு பார்வை பார்த்தார், ஏதோ வயிறு அறுத்துப் போட்ட பிராணியைப் பார்க்கிற மாதிரி. என்ன மாப்ளே என்று கேட்டார். சூடு மாமா, ஆறினா எடுத்துரும் என்றார் நல்லசிவம். பெரியவர் தலையை ஆட்டவில்லை. பின்பக்கம் போனார். மதினி, வீட்டுக்குத்தான போறோம், ஊரே காத்துக்கிட்டு இருக்கு, மனசை இழுத்துப் பிடிக்காம வா என்று அவர் சொல்வது கேட்டது. பிறகு, போவ மனசில்ல அவளுக்கு, அதான் வண்டி நிக்கி என்று கோமதியிடம் சொல்வதும் கேட்டது. சூடம் ஏற்றப்போனார். சூடம் வேண்டாம் மாமா, பெட்ரோல் வண்டி என்று நல்லசிவம் முன்னாலிருந்து சத்தம்போட வேண்டியதாயிற்று. பெரியவர் தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்த பார்வை, ஒரு கடைசி மரியாதையைக்கூட இந்த வண்டி தடுக்கிறது என்பது மாதிரி இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே நல்லசிவம் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் கொஞ்ச நேரம் வெறுமனே சுற்றியது. பிறகு பிடித்துக்கொண்டது. பெரியவர் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக் கும்பிட்டார். பாத்தீரா என்றார். ஆமா மாமா என்றார் நல்லசிவம். ஈரத்துணிதான் காரணம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தன்னைப் பற்றிப் பேசுவதுபோல் ஆகிவிடும்.

வண்டி ஓடியது. காது முழுவதும் என்ஜினில் இருந்தது. எந்த இடத்தில் குரல் மாறும், எந்த இடத்தில் விக்கும். ஒரு நோயாளி மூச்சு விடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிற மாதிரி. அப்படி நான் யார் பக்கத்திலும் உட்கார்ந்ததில்லை. அத்தை வந்து எங்கள் வீட்டு உள் அறையில் படுத்ததிலிருந்து அவள் மூச்சைக் கேட்டது கோமதிதான். நான் வெளியே வண்டிக்குக் கீழே கிடந்தேன். வண்டிக்கு எப்போதும் ஒரு வேலை இருந்தது. மலையில் எஸ்டேட்காரர்கள் ஏலம் போட்டபோது எடுத்த பழைய பெட்ரோல் பிக்கப், இந்தக் காலத்தில் கார்புரேட்டர் வண்டி யார் வைத்திருக்கிறார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள், கேட்கட்டும் என்றுதான் வைத்திருப்பது. மிதவை மட்டம் சரியில்லை, ஜெட்டில் தூசி, சோக் கம்பி இறுகுகிறது. ஜன்னலுக்கு நேர் கீழேதான் வண்டி நிற்கும். சிவம், சிவம் என்று அத்தை உள்ளேயிருந்து கூப்பிடுவாள், தண்ணீருக்கோ, மின்விசிறிக்கோ. கையெல்லாம் கிரீஸ் அத்தை, இந்தா கோமதியைச் சொல்லுதேன் என்பேன். கையில் கிரீஸ் இருக்கும். இல்லாதபோதும் இருக்கும்.

பாவூர்ச்சத்திரம் வருவதற்குள் இரண்டாவது தரம் நின்றது. அதே மாதிரி. முதலில் இழுவை குறைந்து, பிறகு விக்கி, பிறகு கெஞ்சி. துண்டு இன்னும் ஈரமாக இருந்தது, பம்பைத் தொட்டால் சுடவில்லை. அப்போ சூடு இல்லை. தான் சொன்னது தப்பு என்று தனக்கு மட்டும் தெரிந்தபோதும் காது மடல் எரிந்தது. பில்டரைப் பார்த்தார், கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் ஒரு மடக்குப் பெட்ரோல் கிடந்தது, அவ்வளவுதான். குழாயில் அடைப்பு. பழைய டேங்க், உள்ளே துரு உதிரும், உதிர்ந்து வந்து வாயை அடைக்கும். டேங்கிலிருந்து வருகிற குழாயைப் பம்பிலிருந்து பிடுங்கினார். பெட்ரோல் தானாக வழிய வேண்டும், வரவில்லை. ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து வாயை வைத்து உறிஞ்சினார். ஒன்றும் வரவில்லை, குழாய் திரும்ப அவர் உதட்டைத்தான் இழுத்தது. பஸ் ஒன்று வேகம் குறைத்துப் போனது, ஜன்னலெல்லாம் முகங்கள், மாலை போட்ட பிரேதத்தையும் குழாயைச் சப்புகிற மருமகனையும் பார்த்துக்கொண்டு போயின. உறிஞ்சி வராவிட்டால் ஊதலாம். ஊதினார். தூரத்தில் டேங்கின் வயிற்றுக்குள் கடகடவென்று குமிழ் ஓடுகிற சத்தம் கேட்டது. மறுபடி ஊதினார்.

அப்போதுதான் கோமதி பேச ஆரம்பித்தாள். பெரியவர்தான் கேட்டிருக்க வேண்டும், யாருக்காவது அவகிட்ட ஏதாவது குறை இருந்தா சொல்லிருங்க, சொன்னாத்தான் நகருவா என்று. கோமதியின் குரல் முதலில் முனகலாக இருந்தது. பிறகு தெளிவாக வந்தது. "நாந்தான் சொன்னேன் சித்தப்பா. போய்ச் சேர மாட்டியான்னு சொன்னேன். படுக்கையிலயே ஆயிருச்சு, மாத்தி மாத்திப் போட்டேன், திரும்பவும் ஆயிருச்சு. கொன்னு எடுக்கியே, போய்ச் சேர மாட்டியான்னு மூஞ்சியைப் பாத்துச் சொன்னேன். அம்மா ஒண்ணுமே சொல்லல. சரிட்டின்னு மட்டும் சொன்னா." அதற்குமேல் வார்த்தை இல்லை, அழுகைதான். அக்காவோடு வீட்டுச் சுவர் தகராறில் முகம் கொடுக்காமல், இத்தனை மாதமாக அம்மாவை எட்டிப் பார்க்காத ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டான். காற்றாலை இறக்கை வெயிலை வெட்டி வெட்டி ரோட்டில் போட்டுக்கொண்டிருந்தது. நல்லசிவம் குழாயை வாயில் வைத்தபடியே இருந்தார். நாக்கெல்லாம் பெட்ரோல் எரிந்தது. அந்த வார்த்தை அவருக்குப் புதிது இல்லை. சொன்ன அன்றே கேட்டாயிற்று. ஜன்னலுக்குக் கீழே வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது, தலைக்கு மேலே, அதே வார்த்தை. அத்தை சரிட்டி என்று சொன்னதும் கேட்டது. கை அப்படியே நின்றது. எழுந்து உள்ளே போயிருக்கலாம். ஒரு வாளித் தண்ணீர் தூக்கிக்கொண்டு போயிருந்தால் போதும். அவர் என்ன செய்தார்? வெளியே வந்து, வண்டியை ஸ்டார்ட் செய்து, சோதிக்கிற மாதிரி ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்தார், வீடு அதிர்கிற வரைக்கும், உள்ளே யார் அழுதாலும் கேட்காத வரைக்கும். பிறகு கை கழுவிவிட்டுப் போய், சாப்பாடு ஆச்சா என்று கேட்டார். கோமதியின் கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்று தானே நினைத்துக்கொண்டார், கேஸ் அடுப்பில். இத்தனை நாளும் அவள் அதைத் தன்னந்தனியாக விழுங்கிக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தாள். ஒரு வார்த்தை, கேட்டேன் கோமதி, பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இன்றைக்கு இந்த ரோட்டில், பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்க, இவர்கள் முன்னால் இதை அவிழ்த்துப் போட்டிருக்க மாட்டாள்.

குழாயை மாட்டினார். சாவியைத் திருப்பினார். பிடித்துக்கொண்டது. பின்னால் கோமதி அம்மா அம்மா என்று ஓங்கிக் கதறினாள், ஆனால் அது வேறு அழுகை, எதுவோ விட்டுப்போன அழுகை. கண்ணாடியில் பார்த்தார். ஆவுடையப்பன் கால்மாட்டிலிருந்து நகர்ந்து அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தான். கேட்டுட்டா மதினி, மன்னிச்சுட்டா என்று பெரியவர் முன்சீட்டில் துண்டால் கண்ணைத் துடைத்தார். நல்லசிவத்துக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது. ஊதினதில் துரு விலகிவிட்டது என்று ஒரு பக்கம் தெரிந்துகொண்டே, இன்னொரு பக்கம், அப்படியே இருக்கட்டுமே, அத்தை கேட்டுக்கொண்டாள் என்றே இருக்கட்டும் என்று நினைத்தார். வண்டி சீராகப் போய்க்கொண்டிருந்தது. வெயில் மேற்கே சரிந்து முன்கண்ணாடிக்கு நேராக வந்தது. பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும், ஊரில் எல்லாம் தயார் என்று போன் வந்துகொண்டே இருந்தது. வீடு போய்ச் சேர்வதற்கு முன்னால் கோமதியிடம், கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு இல்லை, காரியம் முடியட்டும். காரியம் முடிந்து ஆட்கள் போனதும் சொல்ல வேண்டும். இல்லை, அவளாகவே மறந்துகொண்டு வருகிற நேரத்தில் எதற்குக் கிளற வேண்டும். இப்படித்தான் ஒவ்வொன்றும். கையில் எப்போதும் ஒரு கிரீஸ்.

ஊருக்குப் பிரிகிற கிளைரோட்டில், குளத்தங்கரை ஏற்றத்தில், மூன்றாவது தரம் நின்றது. இந்தத் தரம் அவர் உடனே இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பெரியவர் அவரையே பார்த்தார். மெதுவாகச் சொன்னார், அவ சொல்லிட்டா மாப்ளே, இன்னும் யாரோ பாக்கி. அந்தப் பார்வையின் கீழே இருக்க முடியாமல்தான் நல்லசிவம் இறங்கினார். பின்னால் கோமதியும் பார்த்துக்கொண்டிருந்தாள், பயந்த முகம், இன்னும் என்ன அம்மா என்பது மாதிரி. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யோசித்தார். சூடு இல்லை. துரு இல்லை, ஊதியாயிற்று. நின்றால் கொஞ்ச நேரத்தில் எடுக்கிறது. ஓடினால் கொஞ்ச தூரத்தில் நிற்கிறது, காலையில் வீட்டிலிருந்து பக்கத்து ஆஸ்பத்திரி வரைக்கும் மட்டும் ஓடினபோது நிற்கவில்லை. நிற்கிறபோது எது சரியாகிறது? குழாய் என் உதட்டை ஏன் இழுத்தது? டேங்க் எதை உறிஞ்சுகிறது? யோசனை அங்கே போய் இடறியது. வண்டியின் பக்கவாட்டில் இருக்கிற டேங்க் மூடியைப் பிடித்துத் திருகினார். இறுக்கமாக இருந்தது, உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. பலங்கொண்ட மட்டும் திருகினார். ஸ்ஸ்ஸ் என்று டேங்க் நீளமாக மூச்சை இழுத்தது. மூடியின் அடியில், டேங்கின் வாய்க்குள் குழிந்து உறிஞ்சப்பட்டு, நாற்று போடுகிற கறுப்புப் பையின் ஒரு துண்டு. நேற்று மழை. மூடியின் வாஷர் தேய்ந்திருந்தது, தண்ணீர் இறங்கிவிடும் என்று அவர்தான் வெட்டி வைத்து இறுக்கினார். டேங்குக்கு மூச்சுவிட ஒரு ஓட்டை வேண்டும், பெட்ரோல் வெளியே போகப் போகக் காற்று உள்ளே வர வேண்டும், வராவிட்டால் அது கொடுக்காது, இதை எத்தனை பேருக்கு அவரே சொல்லியிருக்கிறார். தன் கையாலேயே வாயைக் கட்டியிருக்கிறார். நேற்று, ஆஸ்பத்திரியில் கோமதி ஒருத்தியாக இருந்தபோது, அத்தை டிஸ்சார்ஜ் ஆனால் கூட்டிவர வண்டியைத் தயார் பண்ணுகிறேன் என்று வீட்டில் இருந்துகொண்டு செய்த வேலை இது.

ஆனால் இதெல்லாம் பிறகுதான் தோன்றியது. அந்தக் கணத்தில் தோன்றியது சந்தோஷம். வேறெதுவும் இல்லை. கோளாறு அகப்பட்டுவிட்ட சந்தோஷம், தான் தோற்கவில்லை என்கிற சந்தோஷம். நினைப்பதற்கு முன்னால் வாய் கத்திவிட்டது. "ஆவுடை, இங்க வந்து பாரு. ஆம்பிட்டுருச்சு. இதுதான். மூடிக்கு அடியில இந்தப் பைதான் காத்தை அடைச்சிருக்கு, அதான் பெட்ரோல் வரல. கொஞ்ச நேரம் நின்னா காத்து கசிஞ்சு எடுக்கும், திரும்ப நிக்கும். வேற ஒண்ணுமே இல்ல." பையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். சிரித்துக்கொண்டிருந்தார் என்பது, மற்ற மூன்று முகங்களைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பெரியவர் சீட்டிலிருந்து இறங்கப்போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆவுடையப்பன் பையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். கோமதி பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டி, அந்தக் கறுப்புத் துண்டிலிருந்து பெட்ரோல் சொட்டுவதையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. சின்னப்பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அப்போ அம்மாவுக்குக் கேக்கலையா?"

நல்லசிவம் பையைக் கீழே இறக்கினார். எங்கே போடுவது என்று தெரியவில்லை. கேட்டிருக்கும் கோமதி என்று சொல்லலாம், சொன்னால், பையைக் காட்டிச் சிரித்த வாய்தான் சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும். பை மட்டும் காரணமில்லை என்று சொல்லலாம், பைதான் காரணம் என்று இப்போதுதான் கூவியிருக்கிறார். குளத்துத் தண்ணீரில் கொக்குகள் நின்றன. பொழுது மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அப்புறம் ஆவுடையப்பன் அம்மாவின் மாலையை ஒழுங்காக எடுத்துவிட்டான், எதற்கோ நேரம் எடுத்துக்கொள்கிற மாதிரி, ஒவ்வொரு இதழாக. தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"நீ சொன்னத நான் கேட்டேன்க்கா. நான் வந்து மாத்திப் போட்டிருக்கணும். நான் வரல."

கோமதி அவன் தோளில் சாய்ந்தாள். சத்தமில்லாமல் சாய்ந்தாள். அவன் ஒரு கையால் அவளையும் இன்னொரு கையால் அம்மாவின் பாதத்தையும் பிடித்துக்கொண்டான். கீழே, டேங்க் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நல்லசிவத்தின் வாய்க்குள் ஒரு வார்த்தை வந்து நின்றது. நானும். அவ்வளவுதான், ஒரே வார்த்தை. நானும் கேட்டேன், நீ சொன்ன அன்னைக்கே கேட்டேன். அக்காவும் தம்பியும் அப்படி இருக்கிறபோது இடையில் போய் அதைச் சொல்வது தன்னை நடுவில் கொண்டுபோய் நிறுத்துவது ஆகாதா? ஆகும். ஆகாது. சொல்லாமல் விடுவதும் தன்னைக் காப்பாற்றுவதுதான். பெட்ரோல் காய்ந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அத்தான், நேரமாச்சு, எடுங்க என்றான் ஆவுடையப்பன். மரியாதையாகத்தான் சொன்னான். அது போதுமாக இருந்தது, அவர் மூடியைத் திருகிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொள்ள.

முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. குளத்தங்கரை ஏற்றத்தை இழுத்து முடித்து வண்டி ஊர்ப்பக்கம் இறங்கியது. வாங்கின நாளிலிருந்து இப்படி ஓடினதில்லை. விக்கல் இல்லை, தும்மல் இல்லை, மிதித்த மட்டும் கேட்டது. பெரியவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கோவில் வளைவு தெரிந்தது, அதற்கு அப்பால் பந்தல், பந்தலுக்கு முன்னால் வண்டியைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கிற பெண்கள். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் அவ்வளவுதான், கோமதியைச் சுற்றி ஆட்கள் வந்துவிடுவார்கள், அப்புறம் ஒரு வருஷத்துக்கும் சொல்ல இடமிருக்காது. நல்லசிவம் ஆக்சிலேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தார். இன்னும் ஒரே ஒரு தரம் நின்றுபோகாதா என்று இருந்தது. நின்றால் இறங்கலாம், பின்பக்கம் போகலாம். காதைக் கொடுத்துக் கேட்டார். என்ஜின் ஒரே சீராக, குறை ஒன்றும் இல்லாமல், பந்தலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.